எந்தக் கன்வெர்ட்டர் நல்லது?

"கிராபிக்ஸ் கார்டைப் பயன்படுத்துற மாதிரி நல்ல வீடியோ கன்வெர்ட்டர் ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்பவரிடம் ஏதாவது ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம். அவரும் அதை நிறுவி, கண்ணில் படும் முதல் பட்டனை அழுத்தி, இரண்டு மணி நேரக் கல்யாண வீடியோவைச் சில நிமிடங்களில் மாற்றி முடித்துச் சந்தோஷப்படுவார். டிவியில் போட்ட பிறகுதான் ஹோமப் புகை கட்டம் கட்டமாக உடைந்திருப்பதும், பட்டுப்புடவையின் ஜரிகை மழுங்கிப் போயிருப்பதும் தெரியும். "இந்த சாஃப்ட்வேர் சரியில்லை" என்று அடுத்ததைத் தேடுவார். அடுத்ததும் அதே கார்டில் இருக்கும் அதே சில்லைத்தான் வேலைக்குக் கூப்பிடும். "சிறந்த 10 கன்வெர்ட்டர்கள்" என்று வரும் பட்டியல்கள் இதைப் பற்றி மூச்சுவிடுவதில்லை. நெடுநாளாக உறுத்துவது இதுதான்.

ஹேண்ட்பிரேக், ஷட்டர் என்கோடர், எக்ஸ்மீடியா ரீகோட், காசு கொடுத்து வாங்கும் இன்னும் பல கன்வெர்ட்டர்கள் எல்லாமே முகப்புகள். பெரும்பாலானவற்றின் உள்ளே 2000ஆம் ஆண்டில் ஃபாப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச வீடியோ மென்பொருள் அல்லது அதன் நூலகங்கள் இருக்கின்றன. அதற்கும் உள்ளே, படத்தை உண்மையில் சுருக்குவது என்கோடர். பிராசஸரில் ஓடுவது என்றால் எக்ஸ்264, எக்ஸ்265, எஸ்விடி ஏவி1. சில்லிலேயே பொறிக்கப்பட்டது என்றால் என்விடியாவின் என்வென்க், இன்டெலின் குயிக் சிங்க், ஏஎம்டியின் விசிஎன், ஆப்பிளின் மீடியா எஞ்சின். முகப்பை வைத்துத் தரத்தைப் பேசுவது, பந்தியில் பரிமாறுகிறவரிடம் சாம்பாரில் உப்பு இல்லை என்று சண்டை போடுவதற்குச் சமம். எந்த என்கோடர், எந்த அமைப்பில் என்று முடிவு செய்துவிட்டால் எந்த முகப்பும் போதும்.

கார்டுக்குள் ஒரு மூலை

கார்டில் கன்வெர்ட் செய்வது என்றதும் ஆயிரக்கணக்கான கோர்கள் ஒன்றாகச் சேர்ந்து படத்தை அரைப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். ஒரு காலத்தில் அப்படியும் முயன்றார்கள். 2008 வாக்கில் என்விடியா கார்டின் கூடா கோர்களை வைத்து எச்.264 என்ற சுருக்க முறையில் வீடியோ செய்யும் பேடபூம் போன்ற மென்பொருள்கள் வந்தன. வேகம் இருந்தது, தரம் இல்லை. வீடியோ சுருக்கத்தில் ஒரு கட்டத்தின் முடிவு பக்கத்துக் கட்டத்தின் முடிவைச் சார்ந்திருக்கும்; ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் தனித்தனியாகச் செய்யத் தோதான வேலை அல்ல அது. பிறகு வந்தது வேறு வழி. 2011 ஜனவரியில் சாண்டி பிரிட்ஜ் பிராசஸர்களோடு குயிக் சிங்க் வந்தது. 2012இல் கெப்ளர் கார்டுகளோடு என்வென்க் வந்தது. இவை சுருக்க வேலையை மட்டும் செய்வதற்காகச் சில்லின் ஓர் ஓரத்தில் அமைத்த தனிச் சுற்று. விளையாட்டுக்கு உதவும் கோர்களுக்கும் இதற்கும் பெரிய சம்பந்தம் கிடையாது.

இதிலிருந்து கடைக்காரர் சொல்லாத சில விஷயங்கள் வெளிவருகின்றன. ஆர்டிஎக்ஸ் 4060இல் இருப்பதும் 4090இல் இருப்பதும் ஒரே தலைமுறை என்வென்க். 4090இல் அது இரண்டு இருக்கிறது, அவ்வளவுதான். பல ஃபைல்களை ஒன்றாக ஓட்டும்போது அந்த இரண்டாவது பயன்படும். படத்தின் தரம் ஒரு துளியும் கூடிவிடாது. ஆகவே கன்வெர்ட் செய்வதற்காகவே கார்டு வாங்குகிறவர் விலையைப் பார்க்காமல் தலைமுறையைப் பார்க்க வேண்டும். என்விடியாவில் பாஸ்கல் தலைமுறையில், எச்.264க்கு அடுத்த சுருக்க முறையான எச்.265, நிறத்தை நுண்ணிய படிகளில் வைக்கும் 10 பிட்டில் வந்தது. 2018இல் வந்த டூரிங்கில்தான் எச்.265க்கு பி-ஃபிரேம், அதாவது முன்னும் பின்னும் உள்ள படங்களைப் பார்த்துச் சுருக்கும் ஃபிரேம், வந்தது. அதே அளவில் தரம் கூடியதற்கு அதுவும் ஒரு காரணம். 2019இல் முதலில் வந்த ஜிடிஎக்ஸ் 1650 பெயருக்கு டூரிங். உள்ளே இருந்த என்கோடரோ முந்தைய வோல்டா தலைமுறையுடையது, எச்.265 பி-ஃபிரேம் கிடையாது. 1650 சூப்பரில் அது சரியானது. ஏவி1 என்ற இன்னும் புதிய சுருக்க முறையில் செய்ய வேண்டுமென்றால் ஆர்டிஎக்ஸ் 40 வரிசை, ஏஎம்டியில் ஆர்எக்ஸ் 7000 வரிசை, இன்டெல் ஆர்க், அல்லது இவற்றுக்குப் பின் வந்தவை வேண்டும். ஆர்டிஎக்ஸ் 30 வரிசை ஏவி1ஐப் படிக்கும், எழுதாது. இன்டெல் ஆர்க்கை விளையாட்டுக்காரர்கள் ஏளனம் செய்தாலும், கன்வெர்ட் வேலைக்கு அதன் சிறிய மாடலான ஏ380 நல்ல பேரம் என்பது என் கருத்து.

என்கோடரே இல்லாத கார்டுகளும் விற்கின்றன. என்விடியா ஜிடி 1030இல் என்வென்க் இல்லை. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி இரண்டிலும் என்கோடர் இல்லை. இன்டெலில் பெயரின் கடைசியில் "எஃப்" என்று முடியும் பிராசஸர்களில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லாததால் குயிக் சிங்க்கும் இல்லை. "எஃப்" இல்லாத பிராசஸர் வைத்திருந்தும் ஹேண்ட்பிரேக்கில் குயிக் சிங்க் தென்படவில்லை என்றால், தனி கார்டு செருகியதும் மதர்போர்டு உள் கிராபிக்ஸை அணைத்திருக்கும். பயாஸில் ஐஜிபியு மல்டி மானிட்டர் என்றோ அதைப் போன்ற பெயரிலோ உள்ள அமைப்பை இயக்கிவிட்டு, இன்டெல் டிரைவரையும் நிறுவினால் பட்டியலில் வந்துவிடும். என்வென்க் காணாமல் போவதற்குப் பெரும்பாலும் பழைய டிரைவர்தான் காரணம். ஹேண்ட்பிரேக்கின் ஒவ்வொரு புதிய பதிப்பும் குறைந்தபட்சம் இன்ன டிரைவர் வேண்டும் என்று எதிர்பார்க்கும்.

கார்டு உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்க்க விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் ஜிபியுவைத் திறந்து, சிறு வரைபடங்களில் ஒன்றை வீடியோ என்கோட் என்றும் இன்னொன்றை வீடியோ டிகோட் என்றும் மாற்றிக்கொள்ளுங்கள். 3டி வரைபடத்தைப் பார்த்துவிட்டு "கார்டு 5 சதவீதம்தான் ஓடுகிறது, ஏமாற்றுகிறார்கள்" என்று புலம்புகிறவர்கள் நிறைய. அந்த வரைபடத்துக்கும் இந்த வேலைக்கும் தொடர்பில்லை. என்கோட் 30 சதவீதத்தில் நின்று, பிராசஸர் நூறைத் தொட்டுக்கொண்டிருந்தால் மட்டும் கவனியுங்கள். படத்தைப் படிப்பது, அளவைக் குறைப்பது, சப்டைட்டிலைப் படத்தின் மேல் பதிப்பது, இன்டர்லேஸ் (பழைய வீடியோக்களின் வரி விட்டு வரி அமைப்பு) நீக்குவது ஆகியவை பிராசஸரில் நடக்கின்றன, கார்டு காத்திருக்கிறது என்று பொருள். படிக்கும் வேலையையும் கார்டுக்கே கொடுக்கும் அமைப்பு ஹேண்ட்பிரேக்கின் பிரிஃபெரன்சஸில் வீடியோ பகுதியில் இருக்கிறது. ஆனால் இடையில் ஒரு ஃபில்டர் போட்டாலும் ஒவ்வொரு ஃபிரேமும் கார்டிலிருந்து மெமரிக்கு வந்து திரும்பிப் போக வேண்டியிருக்கலாம், அப்போது லாபம் கரைந்துவிடும்.

2 எம்பிபிஎஸ் செய்த அநியாயம்

"கார்டில் செய்தால் தரம் போய்விடும்" என்ற பேச்சுக்கு வருவோம். இது முழுப் பொய் இல்லை. ஆனால் இவ்வளவு பரவியதற்கு ஒரு சின்ன எண்ணும் காரணம் என்று நினைக்கிறேன். எஃப்எஃப்எம்பெக்கில் எக்ஸ்264க்கு எந்த அமைப்பும் கொடுக்காமல் விட்டால், அது சிஆர்எஃப் 23 என்ற நிலையான தரத்தில் ஓடும். காட்சிக்கு எவ்வளவு பிட் வேண்டுமோ அவ்வளவு எடுத்துக்கொள்ளும். என்வென்க்கை அதேபோல் எதுவும் சொல்லாமல் விட்டால் 2 எம்பிபிஎஸ் பிட்ரேட்டில், அதாவது நொடிக்கு 2 மெகாபிட்டில், ஓடும். மூலம் 4கேவாக இருந்தாலும் அதேதான். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 900 எம்பி. ஒரே கட்டளையில் என்கோடரின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கார்டு படுதோல்வி அடைந்ததாகத்தான் தெரியும். ஒருவனுக்கு வேண்டிய அளவு பிட், மற்றவனுக்கு ரேஷன். போட்டி எங்கே நடந்தது? எண்களை அப்படியே நகலெடுப்பதும் இதே தவறுதான். எக்ஸ்265இல் 22 என்று வைத்தவர் என்வென்க்கிலும் 22 வைத்துவிட்டு "அதே தரம், ஃபைல் பெரிசு" என்கிறார். அந்த இரண்டு 22ம் வெவ்வேறு அளவுகோலில் உள்ளவை. ஒரே என்கோடரில், ஒரே கோடெக்கில் (சுருக்க முறையில்) மட்டும்தான் அந்த எண்களை ஒப்பிடலாம்.

நியாயமாக ஒப்பிட வேண்டுமென்றால் ஃபைல் அளவைச் சமமாக வைக்க வேண்டும். மூலத்திலிருந்து ஒரு நிமிடத் துண்டு எடுங்கள். அசையாமல் உட்கார்ந்து பேசும் காட்சி உதவாது. எந்த என்கோடரும் அதில் ஜெயிக்கும். புகை, அட்சதை தூவும் நேரம், மத்தாப்பு, மங்கிய வெளிச்சத்தில் கூட்டம், தண்ணீர், இலைகள் அசையும் மரம், இவற்றில் ஏதாவது இருக்க வேண்டும். முதலில் எக்ஸ்265இல் ஆர்எஃப் (சிஆர்எஃப்புக்கு ஹேண்ட்பிரேக்கில் உள்ள பெயர்) 22, ஸ்லோ பிரீசெட்டில் மாற்றி, வந்த சராசரி பிட்ரேட்டை, ஃபைலின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோவில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அதே பிட்ரேட்டை என்வென்க்குக்குக் கொடுத்து இன்னொன்று எடுங்கள். பிறகு ஒரே நொடியில் இரண்டையும் நிறுத்திப் பாருங்கள், ஓடவிட்டும் பாருங்கள். நெட்ஃபிளிக்ஸ் 2016இல் வெளியிட்ட விமாஃப் என்ற தர அளவீடும் எஃப்எஃப்எம்பெக்கின் பல பதிப்புகளில் சேர்த்தே கிடைக்கிறது. ஆனால் சராசரி மதிப்பெண்ணை மட்டும் நம்பாதீர்கள். உடைந்த பத்து ஃபிரேம்கள் சராசரியில் ஒளிந்துகொள்ளும்.

இப்படிப் பார்த்தால் ஒரு ஒழுங்கு புலப்படும். 4கே ஃபோன் வீடியோவை 50 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 25க்கு இறக்கும்போது கார்டுக்கும் பிராசஸருக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். 1080 வீடியோவை 2 எம்பிபிஎஸ்ஸுக்கு இறுக்கும்போது வித்தியாசம் கண்ணில் குத்தும். பிராசஸர் என்கோடர் ஒவ்வொரு கட்டத்துக்கும் பல வழிகளை முயன்று, எது குறைந்த பிட்டில் குறைந்த சேதம் தரும் என்று கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறது. எவ்வளவு நேரம் யோசிக்க வேண்டும் என்பதை பிரீசெட் மூலம் நாம் சொல்லலாம். கார்டில் உள்ள சுற்றுக்கு யோசிக்கும் வழிகள் எத்தனை என்பது தொழிற்சாலையிலேயே முடிவானது. பிட் தாராளமாக இருக்கும்போது யோசித்தாலும் யோசிக்காவிட்டாலும் விளைவு ஒன்றுதான். இறுக்கும்போதுதான் யோசனைக்கு மதிப்பு. அதனால் கார்டா பிராசஸரா என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே: கடைசியில் எத்தனை எம்பிபிஎஸ் வேண்டும்? ஒரு கணக்கு நினைவிருந்தால் போதும்: 8 எம்பிபிஎஸ் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜிபி.

மாற்றவே தேவையில்லாத ஃபைல்கள்

இதற்கெல்லாம் முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று விட்டுப்போகிறது. கன்வெர்ட்டர் தேடும் பலருக்குக் கன்வெர்ட் செய்யவே தேவையில்லை. எம்கேவி ஃபைல் டிவியில் ஓடவில்லை, எம்பி4 வேண்டும் என்பார்கள். மீடியாஇன்ஃபோவில் பார்த்தால் உள்ளே எச்.264 வீடியோ, ஏஏசி ஆடியோ. எம்கேவி, எம்பி4 இரண்டும் வீடியோவையும் ஆடியோவையும் போட்டுவைக்கும் பெட்டிகள்தான். பெட்டியை மாற்றினால் போதும், படத்தைத் தொடத் தேவையில்லை. எஃப்எஃப்எம்பெக்கில் காப்பி என்ற அமைப்பிலோ, லாஸ்லெஸ்கட் போன்ற இலவச மென்பொருளிலோ இது ஹார்ட் டிஸ்க்கின் வேகத்தில் முடிந்துவிடும். தரம் ஒரு துளியும் குறையாது. ஆடியோ மட்டும் டிவிக்குப் பிடிக்காத டிடிஎஸ் வகை என்றால் அதை மட்டும் ஏசி3க்கு மாற்றி வீடியோவைக் காப்பி செய்யலாம். "50 மடங்கு வேகம், தர இழப்பே இல்லை" என்று விளம்பரம் செய்யும் கட்டண மென்பொருள்களில் சில காட்டும் வித்தையும் இதுதான். ஹேண்ட்பிரேக்கால் இது முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீடியோவை அது எப்போதும் மறுபடி சுருக்கத்தான் செய்யும்.

பழைய டிவிடிக்கு பிராசஸர்

2000களின் கல்யாண டிவிடிகள் வீட்டுக்கு வீடு அலமாரியில் கிடக்கின்றன. இதற்குக் கார்டைத் தேட வேண்டியதே இல்லை. படம் 720க்கு 576. இன்றைய சாதாரண லேப்டாப்பின் பிராசஸரே எக்ஸ்264 ஸ்லோ பிரீசெட்டில் ஓடும் நேரத்தைவிட வேகமாக மாற்றிவிடும். மிச்சப்படுத்த நேரமே இல்லாத இடத்தில் தரத்தை விட்டுக்கொடுப்பானேன்? இங்கே வினை வேறு இடத்தில் இருக்கிறது. நம் ஊர் டிவிக்கான பால் (PAL) முறையில் நொடிக்கு 25 ஃபிரேம், ஒவ்வொன்றும் இரண்டு பாதிகளாக, அதாவது 50 ஃபீல்டு. ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்தையும் இரட்டைப்படை வரிகள் அடுத்த கணத்தையும் காட்டும். இதைப் பிரிக்காமல் அப்படியே சுருக்கினால் கை அசைக்கும் இடமெல்லாம் சீப்புப் பல் தெரியும். அந்தப் பற்களைச் சுருக்கவே பிட் எல்லாம் செலவாகிவிடும்.

டிஸ்க்கை நகலெடுத்து விஓபி ஃபைல்களைத் தனித்தனியாகத் திறக்காதீர்கள். அவை ஏறக்குறைய 1 ஜிபி அளவில் வெட்டப்பட்டவை. வெட்டும் இடத்தில் தாலி கட்டுவதுகூட நடந்துகொண்டிருக்கலாம். வீடியோ டிஎஸ் என்ற ஃபோல்டரையே ஹேண்ட்பிரேக்கில் திறந்தால் டைட்டில்களாகப் பட்டியலிடும். ஃபில்டர்ஸ் பக்கத்தில் டீஇன்டர்லேஸ் என்பதில் பிவ்டிஃப், அதன் பிரீசெட்டில் பாப். வீடியோ பக்கத்தில் ஃபிரேம்ரேட் 50, என்கோடர் எக்ஸ்264, ஆர்எஃப் 18, பிரீசெட் ஸ்லோ. ஃபிரேம்ரேட்டை 25 ஆக விட்டால் அசைவின் பாதி போய்விடும். நாதஸ்வரக்காரர் விரல்களைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். அளவை 1080க்கு ஏற்றாதீர்கள், டிவியே அதைச் செய்துகொள்ளும். மாற்றிய பிறகு அசைவு முன்னும் பின்னுமாக நடுங்கினால் ஃபீல்டு வரிசை தலைகீழாக இருக்கிறது. பழைய கேமராக்களின் டிவி (DV) டேப்பில் கீழ் ஃபீல்டு முதலில் வரும், டிவிடிகளில் பெரும்பாலும் மேல் ஃபீல்டு. டேப்பிலிருந்து டிவிடிக்கு மாற்றியபோதே அலட்சியமாகக் கையாண்டவை உண்டு.

ஹேண்ட்பிரேக் திறந்ததும் தானாக வந்து நிற்கும் ஃபாஸ்ட் 1080பி30 பிரீசெட் பற்றி ஒரு வார்த்தை. அது 4கே படத்தை 1080க்கு இறக்கும். 50, 60 ஃபிரேம்களை 30க்குள் அடக்கும். கருப்பு ஓரங்களைத் தானாக வெட்டும் அமைப்பும் கூடவே இயங்கும். இவற்றை மாற்றாமல் ஸ்டார்ட் அழுத்திவிட்டு மென்பொருளைத் திட்டுபவர்களே அதிகம். ஆர்எஃப் எண்ணுக்கு ஹேண்ட்பிரேக் குழுவினரே தரும் வரம்பு நல்ல தொடக்கம்: எஸ்டிக்கு 18 முதல் 22, 720க்கு 19 முதல் 23, 1080க்கு 20 முதல் 24, 4கேவுக்கு 22 முதல் 28. எண் குறையக் குறையத் தரமும் அளவும் கூடும். இந்த வரம்பு எக்ஸ்264, எக்ஸ்265க்கு உரியது. கார்டுக்கு அப்படியே ஒட்டாது.

எக்ஸ்265ம் கோர்களும்

நிரந்தரமாக வைத்துக்கொள்ளப் போகும் 1080 வீடியோக்களுக்கு 10 பிட் எக்ஸ்265தான் என் தேர்வு. மூலம் 8 பிட்டாக இருந்தாலும் 10 பிட்டில் செய்வதால் மாலை வானம், மண்டபத்துச் சுவரில் விழும் வண்ண விளக்கு போன்ற இடங்களில் வரும் பட்டை பட்டையான படிகள் குறையும். 2013இல் தொடங்கிய இந்த என்கோடரை வளர்க்கும் மல்டிகோர்வேர் நிறுவனத்துக்குச் சென்னையிலும் அலுவலகம் உண்டு. வேலையில் கணிசமான பங்கு அங்கே நடந்தது என்பது நம்மவர்கள் பலருக்குத் தெரியாது. பிரீசெட்டில் ஸ்லோவுக்குக் கீழே போவதில் பலன் வேகமாகக் குறைந்துவிடும். கடைசி பிரீசெட்டுக்கு அதைச் செய்தவர்களே பிளேசிபோ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதற்குமேல் எச்சரிக்கை வேண்டுமா?

16 கோர், 24 கோர் என்று வாங்கியும் எக்ஸ்265 முழுதாக ஓடவில்லை என்ற புகாருக்குக் காரணம் எளிது. அது படத்தை 64 பிக்சல் உயர வரிகளாகப் பிரித்து, மேல் வரி கொஞ்சம் முன்னால் போனதும் கீழ் வரியைத் தொடங்குகிறது. 1080 படத்தில் அப்படி 17 வரிகள்; 576இல் வெறும் 9. அதிலும் எல்லா வரியும் ஒரே நேரத்தில் ஓட முடியாது. சில ஃபிரேம்களை இணையாக ஓட்டி ஓரளவு ஈடுகட்டினாலும் பெரிய பிராசஸரில் கோர்கள் சும்மாதான் இருக்கும். தீர்வு, ஒரே நேரத்தில் இரண்டு ஃபைல்களை ஓட்டுவது. ஹேண்ட்பிரேக் பிரிஃபெரன்சஸில் ஒரே நேரத்தில் எத்தனை என்கோட் என்று சொல்லும் இடம் இருக்கிறது. லேப்டாப்பில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். சூடேறி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மின்சாரக் கணக்கையும் பார்த்துவிடலாம். 150 வாட் இழுக்கும் கணினி 8 மணி நேரம் ஓடினால் 1.2 யூனிட். ஒரு குடும்பத்தின் வீடியோக்களுக்கு இது பெரிதில்லை; தினமும் டெரா கணக்கில் மாற்றும் ஸ்டுடியோவுக்குப் பெரிது.

கார்டுக்கு உரிய வேலை

ஸ்டுடியோக்காரர்தான் கார்டை உண்மையாகப் பயன்படுத்த வேண்டியவர். வாடிக்கையாளர் பார்த்துத் திருத்தம் சொல்ல அனுப்பும் மாதிரி, எடிட்டிங்குக்கான பிராக்ஸி (மூலத்துக்குப் பதிலாக வைத்து வேலை செய்யும் சிறிய நகல்), யூடியூபில் ஏற்றும் ஃபைல் ஆகியவை நிரந்தரமாக வைத்துக்கொள்ள அல்ல. யூடியூப் எப்படியும் தன் பங்குக்கு மறுபடி சுருக்கும். அதற்கு 40, 50 எம்பிபிஎஸ்ஸில் கார்டிலிருந்து கொடுத்தால் போதும். ஃபோனில் குவிந்த 4கே வீடியோக்களைப் பாதியாகக் குறைப்பதும், திரைப்பதிவுகளைச் சுருக்குவதும் இதில் சேரும். என்வென்க்கில் பிரீசெட்டை பி5க்கும் பி7க்கும் இடையே வையுங்கள், ட்யூன் எச்க்யூ, விபிஆர் (மாறும் பிட்ரேட்) முறையில் சிக்யூ என்ற தர எண்ணை 24 முதல் 28 வரை முயன்று பாருங்கள். எஃப்எஃப்எம்பெக்கில் என்றால் பிட்ரேட்டை 0 என்றும் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பழைய பதிப்புகளில் அந்த 2 எம்பிபிஎஸ் பின்னாலிருந்து காலை வாரிவிடும். ஸ்பேஷியல் ஏக்யூ, லுக்அஹெட் இரண்டையும் இயக்குங்கள். வேகம் சற்றுக் குறையும், மதிப்புண்டு. ரிகாயா என்பவர் எழுதிய என்வென்க்சி, க்யூஎஸ்விஎன்க்சி, விசிஇஎன்க்சி மூன்றும் இந்த அமைப்புகளை முழுதாகத் திறந்துவிடும் கட்டளைவரிக் கருவிகள், பொறுமையுள்ளவர்களுக்கு.

கேமராவிலிருந்து வரும், நிறத் தகவலைக் கூடுதலாக வைத்திருக்கும் 4:2:2 10 பிட் எச்.265 தனித் தலைவலி. ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய என்விடியா கார்டுகளால் அதைப் படிக்கவே முடியாது, வேலை பிராசஸர் தலையில் விழும். இன்டெலின் 11ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர் முதல் உள் கிராபிக்ஸ் அதைப் படிக்கும். பெரிய என்விடியா கார்டோடு "எஃப்" பிராசஸர் வாங்கிய எடிட்டர்கள் திண்டாடுவது இதனால்தான். ஏஎம்டி ஆர்எக்ஸ் 7000 வரிசையில் ஏவி1 செய்தால் 1080 படம் 1082 வரியாக வெளிவரும் வன்பொருள் குறையும் உண்டு. சில பிளேயர்களில் கீழே மெல்லிய கோடு தெரியும்.

ஃபோன் வீடியோவில் ஃபிரேம்ரேட் நிலையாக இருக்காது. பார்க்க மட்டும் என்றால் அப்படியே விடலாம். எடிட்டிங்குக்குப் போகப் போகிறதென்றால் கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட் தேர்ந்தெடுக்காவிட்டால் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். எச்டிஆர் பதிவு என்றால் 10 பிட் என்கோடரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 8 பிட் எச்.264க்கு நேராக இறக்கினால் நிறம் வெளுத்துவிடும்.

எங்கே ஓடப் போகிறது என்பதும் என்கோடரைத் தீர்மானிக்கும். பத்து வருடப் பழைய டிவிக்குப் பென்டிரைவில் கொடுக்க வேண்டுமென்றால் 8 பிட் எச்.264, ஹை புரொஃபைல், லெவல் 4.1க்குள், ஏஏசி அல்லது ஏசி3 ஆடியோ. 10 பிட் எச்.264 பக்கம் போகவே வேண்டாம், ஏறக்குறைய எந்த டிவியும் ஓட்டாது. பென்டிரைவ் ஃபேட்32 என்றால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. 8 எம்பிபிஎஸ்ஸில் ஏறக்குறைய ஒரு மணி பத்து நிமிடத்துக்கு மேல் போனாலே நகலெடுக்கும்போது நின்றுவிடும். ஆப்பிள் கருவிகளுக்கு எச்.265 கொடுக்கும்போது எம்பி4இல் உள்ள குறியீடு எச்விசி1 என்று இருக்க வேண்டும். எஃப்எஃப்எம்பெக் வழக்கமாகப் போடும் எச்இவி1 இருந்தால் குயிக்டைம் திறக்காது. மறுபடி கன்வெர்ட் செய்யாமல், காப்பி முறையில் அந்தக் குறியீட்டை மட்டும் மாற்றிவிடலாம்.

காசு கொடுக்கலாமா

கொடுக்கலாம், ஆனால் எதற்கு என்று தெரிந்து. கட்டண கன்வெர்ட்டர் என்வென்க்கை ஹேண்ட்பிரேக்கைவிட நன்றாகச் செய்துவிட முடியாது, சுற்று ஒன்றுதான். நல்ல வரிசை நிர்வாகம், எளிய முகப்பு, பிரச்சினை வந்தால் பதில் சொல்ல ஆள், இவற்றுக்காக என்றால் சரி. வாங்கும் முன் சோதனைப் பதிப்பில் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: என்கோடரின் பெயர், தர எண், பிரீசெட் மூன்றையும் நாமே தீர்மானிக்க விடுகிறதா? "ஹை குவாலிட்டி", "லோ குவாலிட்டி" என்று இரண்டு பட்டன் மட்டும் காட்டுவதை ஒதுக்கிவிடுங்கள். "ஜிபியு ஆக்சிலரேஷன்" என்று டிக் போட்ட பிறகும் டாஸ்க் மேனேஜரில் என்கோட் வரைபடம் அசையாமல் இருந்தால், அது டிகோட் மட்டும் செய்கிறது அல்லது அதுவும் செய்யவில்லை. இலவசம் என்றாலும் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். 2017 மே மாதம் ஹேண்ட்பிரேக்கின் டவுன்லோடு சர்வர்களில் ஒன்றையே உடைத்து, மேக் பதிப்புக்குப் பதிலாகத் தீநிரல் வைத்துவிட்டார்கள். ஃபைல் மாறாமல் வந்திருக்கிறதா என்று பார்க்கத் தளத்தில் தரப்படும் செக்சம் எண்ணைச் சரிபார்த்தவர்கள் தப்பித்தார்கள்.

மாற்றி முடித்ததும் மூலத்தை அழிக்க அவசரப்படாதீர்கள். இரண்டின் கால அளவும் மீடியாஇன்ஃபோவில் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தாவி உதட்டசைவைக் கவனியுங்கள். ஆடியோ விலகல் கடைசியில்தான் அதிகமாகத் தெரியும். ஆடியோ டிராக்குகள் எல்லாம் வந்தனவா என்று எண்ணுங்கள். எஃப்எஃப்எம்பெக்கில் புதிய ஃபைலை எங்கும் எழுதாமல் வெறுமனே முழுதும் படிக்கவிடும் "நல்" (null) அவுட்புட் முறை இருக்கிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லாமல் கடைசிவரை ஓடினால் ஃபைலில் உடைசல் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். கேமரா மூலங்களை மட்டும் இத்தனைக்குப் பிறகும் அழிக்காமல் ஒரு தனி ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவைப்பது நல்லது. நான்கைந்து வருடம் கழித்து இதைவிட நல்ல என்கோடர் வரும்போது, சுருக்கிய ஃபைலிலிருந்து மறுபடி சுருக்கினால் முதல் சுருக்கத்தின் கட்டங்களையும் சேர்த்துத்தான் அது காப்பாற்றித் தரும்.